விபிஏவில் ஓடியது, பைத்தானில் நின்றது: ஒரு சாலிட்வொர்க்ஸ் மேக்ரோவின் நிகழ்வு ஆய்வு

சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளின் மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) ஒன்றை, அதற்குள்ளேயே ஓடும் விபிஏ மொழியிலிருந்து பைத்தான் மொழிக்கு மாற்றும்போது வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை நிரலின் தர்க்கத்தில் இருப்பதில்லை. எந்த மெத்தடை (மென்பொருள் நமக்குத் தரும் கட்டளையை) எந்த வரிசையில் கூப்பிடுகிறோம் என்பது இரண்டிலும் ஒன்றுதான். ஒரு மதிப்பு நம் நிரலை விட்டுக் கிளம்பி சாலிட்வொர்க்ஸுக்குள் போய்ச் சேரும்போது எந்த வகையாகச் சேருகிறது என்பதுதான் மாறுகிறது. இதைத் தேடாமல் தர்க்கத்தைத் தேடிக்கொண்டே நாட்களை இழக்கும் பொறியாளர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இந்த நிகழ்வைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வேலை இதுதான். ஒரு வடிவமைப்புக் குழுவிடம் தகட்டு பிராக்கெட்டுகளின் குடும்பம் ஒன்று இருந்தது. எக்செல் அட்டவணையில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு நீளம். பார்ட் கோப்பைத் திறந்து, நீளத்துக்கான டைமென்ஷனை (அளவை) மாற்றி, நீளம் குறைந்தவற்றில் நடுத் துளையை சப்ரஸ் செய்து (அடக்கி வைத்து), புதிய அளவுக்கு வடிவத்தை ரீபில்ட் செய்து, மற்ற மென்பொருள்களும் படிக்கும் ஸ்டெப் கோப்பாக வெளியே எடுத்து, பார்ட்டை மூடும் மேக்ரோ பல காலமாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பைத்தானுக்கு மாற்ற நல்ல காரணம் இருந்தது. சாலிட்வொர்க்ஸின் விபிஏ மேக்ரோ கோப்பு பைனரி. கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் போட்டால் யார் எந்த வரியை மாற்றினார் என்று பார்க்க முடியாது. பைத்தான் நிரல் வெறும் உரை. இரவில் ஆளில்லாமல் ஓடவிடவும் அது தோதானது.

அப்புறம் ஏன் ஓடவில்லை?

நடுவில் நிற்கும் காம்

விபிஏ ஓடுவது சாலிட்வொர்க்ஸின் பிராசஸுக்கு உள்ளேயே. பைத்தான் வெளியே தனி பிராசஸாக ஓடுகிறது. இரண்டுமே சாலிட்வொர்க்ஸோடு பேசுவது மைக்ரோசாஃப்ட் 1993இல் கொண்டுவந்த காம் (மென்பொருள்கள் ஒன்றையொன்று கூப்பிடுவதற்கான ஏற்பாடு) வழியாகத்தான். காமின் ஆட்டோமேஷன் வழியில் ஒவ்வொரு மதிப்பும் வேரியன்ட் என்ற உறைக்குள் போகிறது. உறையின் மேல் ஒரு எண் இருக்கும். உள்ளே இருப்பது 32 பிட் முழு எண்ணா, டபுளா (தசம எண்), பொருளா, அரேயா (மதிப்புகளின் வரிசை) என்று அந்த எண் சொல்லும். 3 என்றால் 32 பிட் முழு எண். 5 என்றால் டபுள். 9 என்றால் பொருள். அரே என்றால் 8192ஐக் கூட்ட வேண்டும். கூப்பிட்டவரின் மாறியிலேயே விடையை எழுதித் தரச் சொல்வதென்றால் 16384ஐக் கூட்ட வேண்டும்.

விபிஏவில் இந்த எண்ணை யாரும் யோசிப்பதில்லை. அது சாலிட்வொர்க்ஸின் டைப் லைப்ரரியை (எந்த மெத்தட் எந்த வகையைக் கேட்கும் என்ற பட்டியலை) படித்து, ஒவ்வொரு இடத்திலும் எந்த வகை வேண்டும் என்று தெரிந்துகொண்டு, தானே எண்ணைப் போட்டுவிடும். பைத்தானில் காமோடு பேச உதவும் பைவின்32 நூலகம் வழியாக லேட் பைண்டிங்கில் (வகைப் பட்டியலை முன்கூட்டிப் படிக்காமல்) பேசும்போது அந்த அறிவு இல்லை. கையில் இருக்கும் மதிப்பைப் பார்த்து அது ஊகிக்கிறது. முழு எண் என்றால் 3, தசம எண் என்றால் 5. லிஸ்ட்டோ டியூப்பிளோ வந்தால் வேரியன்ட்களின் அரே. நன் (None, பைத்தானில் 'ஒன்றுமில்லை') வந்தால் நல் (Null, வெற்று மதிப்பு). பெரும்பாலான இடங்களில் ஊகம் பொருந்திவிடுவதால், பொருந்தாத இடத்தில் மட்டும் நிரல் காரணமில்லாமல் உடைவதுபோல் தோன்றுகிறது.

கோப்பே திறக்கவில்லை

முதல் தடை ஓப்பன்டாக்6 மெத்தடில். அதற்கு ஆறு அர்குமென்ட்: கோப்பின் பாதை, கோப்பின் வகை, திறக்கும் விதம், கான்பிகரேஷன், கடைசியாகப் பிழைக்கு ஒன்று, எச்சரிக்கைக்கு ஒன்று. கடைசி இரண்டும் நாம் கொடுப்பவை அல்ல, சாலிட்வொர்க்ஸ் நிரப்பித் தருபவை. விபிஏவில் லாங் (32 பிட் முழு எண்) வகையில் இரண்டு மாறிகளை அறிவித்துக் கொடுத்தால் போதும். பைத்தானில் அந்த இடத்தில் வெறும் பூஜ்யத்தைக் கொடுத்தபோது டைப் மிஸ்மேட்ச் என்று வந்தது. கூடவே -2147352571 என்ற எண். இந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. பதினாறின் அடிமானத்தில் எழுதினால் 80020005, வகை பொருந்தவில்லை என்பதற்கான காமின் பொதுவான எண்.

குழுவிலிருந்த இளம் பொறியாளர் ஒரு குறுக்குவழி எடுத்தார். பழைய ஓப்பன்டாக் மெத்தட் இன்னும் இருக்கிறது. அதற்குப் பாதையும் வகையும் மட்டும் கொடுத்தால் போதும். பிழைச் செய்தி போய்விட்டது. ஆனால் திரும்பி வந்தது நன். கோப்பு திறக்கவில்லை, ஏன் என்று சொல்லவும் ஆளில்லை. "விபிஏவில் இதே கோப்பு திறக்குதே சார், லாஜிக் ஒண்ணுதானே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

மீண்டும் ஓப்பன்டாக்6க்கே திரும்பினோம். இந்த முறை கடைசி இரண்டு இடங்களுக்கும் பைவின்32 தரும் வேரியன்ட் பொருளைக் கையால் கட்டி, 16384ஐயும் 3ஐயும் சேர்த்த வகை எண்ணைக் கொடுத்தோம். டைப் மிஸ்மேட்ச் வரவில்லை. திரும்பி வந்தது இப்போதும் நன்தான். ஆனால் பிழை மாறிக்குள் 2 என்று எழுதியிருந்தது. கோப்பு கிடைக்கவில்லை என்பதற்கு சாலிட்வொர்க்ஸ் வைத்திருக்கும் எண் அது.

கோப்பு அங்கேதான் இருந்தது. பாதையை அச்சிட்டுப் பார்த்தால் ஒரே வரியில் வர வேண்டியது இரண்டு வரியாக உடைந்து வந்தது. கோப்புறைகளில் ஒன்றின் பெயர் ஆங்கில 'என்' எழுத்தில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் பாதையைப் பிரிக்கும் பின்சாய்கோடு. விபிஏவுக்குப் பின்சாய்கோடு சாதாரண எழுத்து. பைத்தானுக்கோ பின்சாய்கோடும் 'என்'னும் சேர்ந்தால் புதிய வரி, 'டி' சேர்ந்தால் டேப். சரத்துக்கு முன்னால் 'ஆர்' போட்டு ரா சரமாக்கியதும் கோப்பு திறந்தது.

இரண்டு சிக்கல்கள் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தன என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. மேலே இருந்தது வகைச் சிக்கல், கீழே இருந்தது பாதைச் சிக்கல். பழைய மெத்தடுக்குத் தாவியபோது கீழே இருந்ததைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரே சாட்சியும் போய்விட்டது. பிழை எண் தரும் மெத்தட் இருக்கும்போது, எழுதுவதற்குக் கஷ்டமாக இருந்தாலும் அதையே பயன்படுத்த வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

பாதை பற்றிப் பேசும்போது நம்மவர்களுக்கு ஒன்று. விபிஏ எடிட்டருக்கு யூனிகோட் தெரியாது. கோப்புறைக்குத் தமிழில் பெயர் வைத்து அதை மேக்ரோவுக்குள் எழுதினால் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். பைத்தான் 3இல் அந்தத் தொல்லை இல்லை. மாற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எட்டாவது அர்குமென்ட்

அடுத்தது செலக்ட்பைஐடி2. நடுத் துளையை சப்ரஸ் செய்ய முதலில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்பது அர்குமென்ட் கேட்கும் மெத்தட் இது. எட்டாவது கால்அவுட் (திரையில் தோன்றும் குறிப்புப் பெட்டி). நாம் செய்வதைப் பதிந்து மேக்ரோவாக்கும் ரெக்கார்டர் அந்த இடத்தில் நத்திங் என்று எழுதியிருந்தது. பைத்தானில் நத்திங்குக்கு இணை நன் என்று போட்டால் மறுபடியும் அதே டைப் மிஸ்மேட்ச். பிழைச் செய்தியின் கடைசி எண் 8. அதைப் பலர் படிக்காமலே விட்டுவிடுகிறார்கள். எந்த அர்குமென்ட் பொருந்தவில்லை என்று அது நேராகவே சொல்கிறது.

விபிஏவின் நத்திங், வகை எண் 9 போட்ட காலி உறை: 'இது பொருள்தான், ஆனால் இப்போது எதையும் சுட்டவில்லை'. பைத்தானின் நன், வகையே இல்லாத நல்லாகப் போகிறது. சாலிட்வொர்க்ஸ் அதைப் பொருளாக ஏற்பதில்லை. வகை எண் 9 கொண்ட வேரியன்ட்டுக்குள் நன்னை வைத்து அனுப்பினால் தீர்ந்தது.

இந்தக் கட்டத்தில் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். பைத்தானில் ஏதாவது ஒரு அழைப்பு உடைந்தால், அந்த ஒரே வரியை விபிஏவில் தனியாக ஓட்டுவது. அங்கே போகும் ஒவ்வொரு மதிப்புக்கும் வார்டைப் ஃபங்ஷன் என்ன எண் தருகிறது என்று பார்ப்பது. அந்த எண்ணும் பைவின்32இன் வகை எண்ணும் ஒன்றே, இரண்டும் ஒரே காம் பட்டியலிலிருந்து வந்தவை. விபிஏ 5 என்றால் பைத்தானிலும் 5 போக வேண்டும். ஊகிக்க எதுவும் மிச்சம் இல்லை.

அடைப்புக்குறி செய்த வேலை

எனக்கு மிகவும் ஆபத்தாகப் பட்டது மூன்றாவது சிக்கல். ரீபில்ட் செய்ய எடிட்ரீபில்ட்3 என்ற மெத்தட். அதற்கு அர்குமென்ட் கிடையாது. பைத்தான்காரர் எவரும் செய்வதுபோல் பின்னால் வெற்று அடைப்புக்குறி போட்டால், பூல் பொருளைக் (ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்ற மதிப்பை) கூப்பிட முடியாது என்று பிழை வந்தது. அடைப்புக்குறியை எடுத்தால் பிழை இல்லை. ஓடுகிறதே என்று பலர் அதோடு விட்டுவிடுவார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். வகைத் தகவல் கிடைக்காத பொருளிடம் ஒரு பெயரைக் கேட்டால், அது பிராப்பர்ட்டியா (பொருளின் பண்பா) மெத்தடா என்று பைவின்32க்குத் தெரியாது. அதனால் முதலில் பிராப்பர்ட்டி என்று நினைத்து, அர்குமென்ட் இல்லாமல் கேட்டுப் பார்க்கிறது. அர்குமென்ட் குறைகிறது என்பதுபோன்ற குறிப்பிட்ட பிழைகள் வந்தால், சரி, இது மெத்தட் என்று முடிவு செய்கிறது. எடிட்ரீபில்ட்3க்கு அர்குமென்ட்டே தேவையில்லை. எனவே பெயரைக் கேட்டவுடனேயே ரீபில்ட் நடந்து முடிந்து, விடையாக ட்ரூ வந்துவிடுகிறது. நாம் போட்ட அடைப்புக்குறி அந்த ட்ரூவைக் கூப்பிடப் பார்க்கிறது. வேலை முடிந்த பிறகுதான் பிழையே வருகிறது.

இது வரை விசித்திரம், அவ்வளவுதான். விபரீதம் பிறகு வந்தது. டாக்பார்ட் (பார்ட் என்ற கோப்பு வகை) போன்ற மாறிலிகளுக்கு வெறும் எண்களை எழுதிக்கொண்டிருப்பது சங்கடமாக இருந்ததால், பைவின்32இன் மேக்பை கருவி கொண்டு டைப் லைப்ரரியிலிருந்து பைத்தான் கிளாஸ்களை உருவாக்கி, நிரலை எர்லி பைண்டிங்குக்கு (வகைகளை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பேசும் முறைக்கு) மாற்றினார்கள். நல்ல முடிவுதான். ஆனால் எர்லி பைண்டிங்கில் எடிட்ரீபில்ட்3 ஒழுங்கான மெத்தட். அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் பைத்தான் அந்த மெத்தடைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கூப்பிடாமலே அடுத்த வரிக்குப் போய்விடும். பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை, ரீபில்டும் இல்லை. டைமென்ஷனின் மதிப்பு புதியது, வடிவம் பழையது. துளையை அடக்கும் எடிட்சப்ரஸ்2 வரிக்கும் இதே கதி.

இது பிடிபட்டதற்குக் காரணம், ஏற்றுமதிக்கு முன் பார்ட்டின் எல்லைப் பெட்டியை (முழு வடிவத்தையும் அடக்கும் பெட்டியின் அளவை) கேட்டு, அதன் நீளத்தை அட்டவணையோடு ஒப்பிடும் சில வரிகளை முன்பே சேர்த்திருந்ததுதான். அது இல்லையென்றால் தவறான நீளமுள்ள ஸ்டெப் கோப்புகள் லேசர் வெட்டும் இடம் வரைக்கும் போயிருக்கும்.

தீர்வாக ஃபோர்ஸ்ரீபில்ட்3க்கு மாறினார்கள். அது ஒரு பூலியன் அர்குமென்ட் கேட்கும். அதனால் லேட் பைண்டிங், எர்லி பைண்டிங் இரண்டிலும் ஒரே மாதிரிதான் எழுத வேண்டியிருக்கும். எல்லா அம்சங்களையும் மறுபடி கட்டுவதால் கொஞ்சம் மெதுவானது. பிராக்கெட் அளவுக்கு அது பொருட்டல்ல, பெரிய அசெம்பிளி என்றால் யோசிக்க வேண்டும். லேட் பைண்டிங்கிலேயே இருக்க விரும்புபவர்களுக்கு பைவின்32இல் ஃபிளாக்ஆஸ்மெத்தட் என்று ஒரு வழி உண்டு. இந்தப் பெயர் மெத்தட்தான், ஊகிக்காதே என்று அதற்குச் சொல்லி வைத்துவிடலாம்.

மீட்டரும் வகுத்தலும்

சாலிட்வொர்க்ஸ் ஏபிஐ (நிரல்கள் அதோடு பேசும் வழி) பெரும்பாலும் மீட்டரிலும் ரேடியனிலும் பேசுகிறது, திரையில் மில்லிமீட்டர் தெரிந்தாலும். பழைய மேக்ரோவில் 25 மில்லிமீட்டரை 25/1000 என்று எழுதியிருந்தார்கள். விபிஏவில் 0.025. பைத்தான் 3இலும் அப்படியே. ஆனால் இதே குழுவில் இன்னொருவர் சி ஷார்ப் மொழியில் ஆட்இன் (சாலிட்வொர்க்ஸோடு சேர்ந்து ஓடும் துணை நிரல்) எழுதிக்கொண்டிருந்தார். சி ஷார்ப்பில் இரண்டும் முழு எண் என்றால் வகுத்தலும் முழு எண்தான். விடை பூஜ்யம். பூஜ்ய நீளத்துக்கு ரீபில்ட் தோற்கும்போது ஸ்கெட்ச்சைக் குறை சொல்லி என்ன பயன்? 1000.0 என்று எழுதினால் போதும்.

சி ஷார்ப்பில் அவருக்கு வந்த இன்னொன்று: பார்ட்டின் பாடிகளை (அதிலுள்ள திட வடிவங்களை) கேட்டால் வருவது பொதுவான ஆப்ஜெக்ட் அரே. அதை அப்படியே பாடி2 அரேயாக காஸ்ட் செய்தால் (வகை மாற்றினால்) உடையும். ஆப்ஜெக்ட் அரேயாக வாங்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக காஸ்ட் செய்ய வேண்டும். விபிஏவில் வேரியன்ட் என்று ஒரு சொல் அறிவித்தால் இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது.

பழைய மேக்ரோ மறைத்து வைத்திருந்தது

பைத்தான் நிரல் இப்போது ஓடியது, ஆனால் சில பார்ட்களில் மட்டும் நின்றது. நன்னுக்கு சிஸ்டம்வேல்யூ (டைமென்ஷனின் மதிப்பு) என்ற பண்பு இல்லை என்று செய்தி. டைமென்ஷனைப் பெயர் சொல்லிக் கேட்டபோது ஒன்றும் கிடைக்கவில்லை என்று பொருள். திறந்து பார்த்தால் அந்தப் பார்ட்களில் யாரோ ஸ்கெட்ச்சை அழித்து மறுபடி வரைந்திருக்கிறார்கள். டைமென்ஷனின் பெயர் மாறிவிட்டது.

விபிஏவில் இது ஏன் வரவில்லை? வந்திருக்க வேண்டும், 91ஆம் எண் பிழையாக. ஆனால் மேக்ரோவின் தலைப்பிலேயே ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட் என்று ஒரு வரி இருந்தது. எந்தப் பிழை வந்தாலும் அடுத்த வரிக்குப் போ என்பது அதன் பொருள். அந்தப் பார்ட்கள் நீளம் மாறாமலே ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன, யாருக்கும் தெரியாமல். மொழி மாற்றம் இந்தப் பிழையை உண்டாக்கவில்லை, இருந்ததை வெளியே கொண்டுவந்தது. 'பழையது ஓடியது, புதியது ஓடவில்லை' என்று யாராவது சொன்னால், பழையது உண்மையிலேயே ஓடியதா என்று நான் முதலில் கேட்பது இதனால்தான். மாற்றத்தைத் தொடங்கும் முன் விபிஏ மேக்ரோவிலேயே அந்த வரியை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

ஆட்டோகேடும் கேட்டியாவும்

இதே வகைக் கதை ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் அரேயாக வருகிறது. விபிஏவில் மூன்று டபுள்கள் கொண்ட புள்ளியை அறிவித்து, கோடு வரையும் ஆட்லைனுக்குக் கொடுத்தால் வார்டைப் 8197, அதாவது 8192 கூட்டல் 5. பைத்தானில் அதே மூன்று எண்களை டியூப்பிளாகக் கொடுத்தால் போவது 8204, வேரியன்ட்களின் அரே. ஆட்டோகேட் மறுத்துவிடும். 8197 வகை வேரியன்ட்டாகக் கட்டி அனுப்ப வேண்டும். இன்னொன்று, ஆட்டோகேட் ஏதாவது வேலையில் இருக்கும்போது வெளியிலிருந்து பேசினால் -2147418111 வரும். கூப்பிட்ட பக்கம் ஏற்க மறுத்தது என்று பொருள். விபிஏ உள்ளேயே ஓடுவதால் அதற்கு இந்த அனுபவம் கிடையாது. சற்றுப் பொறுத்து மறுபடி கூப்பிடும்படி எழுதினால் போதும், நிரலில் கோளாறு தேட வேண்டாம்.

கேட்டியா என்ற இன்னொரு முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள் வேறு விதம். இந்தக் குழுவுக்கு வாடிக்கையாளரிடமிருந்து கேட்டியா அசெம்பிளிகளும் வரும். ஒவ்வொரு பாகமும் எங்கே, எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று படிக்க வேண்டும். பொசிஷன் பொருளின் கெட்காம்போனன்ட்ஸ் மெத்தட் பன்னிரண்டு எண்களைத் தரும். முதல் ஒன்பது அச்சுகளின் திசை, கடைசி மூன்று இடம். நாம் கொடுக்கும் அரேக்குள்ளேயே அது எழுதும். விபிஏவில் மாறியைப் பொசிஷன் என்று ஒழுங்காக வகை சொல்லி அறிவித்தால் இந்த வரி கம்பைலே ஆகாது, விஷுவல் பேசிக் ஆதரிக்காத ஆட்டோமேஷன் வகை என்று சொல்லிவிடும். வேரியன்ட் என்று தளர்வாக அறிவித்தால் ஓடும். வகையை எப்போதும் துல்லியமாகச் சொல்லுங்கள் என்ற நல்ல அறிவுரை இந்த இடத்தில் எதிராக வேலை செய்கிறது.

பைத்தானில் இன்னும் மோசம். நாம் கொடுக்கும் லிஸ்ட்டைப் பைவின்32 புதிய அரேயாக நகலெடுத்து அனுப்புகிறது. கேட்டியா எழுதுவது அந்த நகலில். அழைப்பு முடிந்ததும் நகல் போய்விடுகிறது. நம் லிஸ்ட்டில் பழைய பூஜ்யங்களே இருக்கும். பிழைச் செய்தியும் வராது. எல்லாப் பாகங்களும் மூலப் புள்ளியில் குவிந்து நிற்பதாகத் தெரியும்.

இங்கே பைத்தானோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று முடிவு செய்தோம். கேட்டியாவின் சிஸ்டம்சர்வீஸ் பொருளில் எவால்யுவேட் என்ற மெத்தட் இருக்கிறது. விபிஸ்கிரிப்ட் (விபிஏவைப் போன்ற எளிய மொழி) நிரலை உரையாகக் கொடுத்தால் கேட்டியாவுக்கு உள்ளேயே அதை ஓட்டி, விடையை மட்டும் திருப்பித் தரும். பைத்தானிலிருந்து கேட்டியாவை இயக்கும் பைகேட்டியா நூலகமும் இப்படிப்பட்ட இடங்களில் இந்த வழியைத்தான் எடுக்கிறது. இடத்தைப் படிக்கும் சிறிய ஃபங்ஷன் விபிஸ்கிரிப்டாகவே இருக்கிறது, பைத்தான் கோப்புக்குள் ஒரு சரமாக. திரும்பி வரும் பன்னிரண்டு எண்களில் கடைசி மூன்றை மட்டும் 1000ஆல் வகுத்துக்கொள்கிறது. சாலிட்வொர்க்ஸும் கேட்டியாவும் டசோ சிஸ்டம்ஸ் என்ற ஒரே நிறுவனத்துடையவைதான் என்றாலும், கேட்டியா பேசுவது மில்லிமீட்டரில்.